தாள் மஞ்சளாகவே இருந்தது

சென்ற மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாகும் உணவுப் பொருள்களைக் கம்பெனிகளிடம் கொண்டு சேர்ப்பதற்கென்றே இப்போது தனிப் பிரிவு ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். "உங்கள் காலத்தில் இந்த வேலைக்கு என்ன பெயர் சார்?" என்று கேட்டார். பெயர் ஒன்றும் கிடையாது என்றேன். சம்பளப் பட்டியலில் நான் ஆய்வு உதவியாளர். ஊரில் என்னை மரச்சீனி சார் என்பார்கள். "பணம், இயந்திரம், அனுமதி, இதில் எது உங்களுக்குப் பெரிய சிரமமாக இருந்தது?" என்று அடுத்துக் கேட்டார். "பயம்" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அன்று அவரிடம் விளக்கமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நாளும் கிழமையும் குறித்து வைப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஆனாலும் கீழே வருவதற்கு மாதமும் ஆண்டும் மட்டுமே தருகிறேன். அந்த நாட்களில் குறிப்பெழுதும் நிலையில் நான் இல்லை.

1947-இல், கொல்லம் ஆண்டு 1122 முடியும் தறுவாயில், திருவனந்தபுரத்தில் வேதியியல் பட்டம் பெற்றேன். மறு ஆண்டு பல்கலைக்கழகத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் தாழக்குடி. வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் வயல். "ஏலே, நாலு பக்கமும் நெல்லு விளையுது. நீ பி.எஸ்ஸி. படிச்சிட்டு மரச்சீனி கிண்டப் போறியா?" என்று அப்பா கேட்டார். அவரைப் பொறுத்தவரை மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு மேற்குத் தாலுகாக்காரர்களின் உணவு; நெல் இல்லாதவன் தின்பது. நான் போனேன். கண்ணாடிக் குழாய் கழுவினேன், தராசின் முன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன், காய்ச்சி வடித்தேன். முதல் ஆண்டுகளைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை.

முதல் பாடம் 1950-இல் வந்தது. முட்டத்துக் கடற்கரையில் கிடைக்கும் சுறா ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைக் கண்பார்வை மங்கிய குழந்தைகளுக்காகப் பாட்டிலில் அடைத்து விற்க ஏற்பாடு. எங்கள் கூடத்தில் அந்த எண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. கறுப்புப் பாட்டிலில், இருட்டு அலமாரியில். நாகர்கோவில் கடைக்காரர் ஒருவர் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதை வெள்ளைப் பாட்டில்களில் மாற்றி, வெயில் விழும் முன்தட்டில் அடுக்கிவிட்டார். நான் போய்த் திறந்து பார்த்தபோது மூக்கு எரிந்தது.

"மீனெண்ணெய்னா நாறத்தான் செய்யும், சாரே. நாறாட்டி கள்ளச் சரக்குன்னு ஆளு திருப்பிக் கொண்டாருவான்" என்றார் அவர், என்னைத் தேற்றுகிற குரலில்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது, இன்னும் எந்தெந்தக் கடையில் பாட்டில்கள் வெயிலில் நிற்கின்றனவோ என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கூடத்துக்குள் ஒரு பொருளுக்கு நாங்கள் காவல். கதவைத் தாண்டிவிட்டால் அதற்குக் காவல் யார் என்பதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

இதைப் போய் டாக்டர் பார்கவியிடம் சொன்னேன். பிரிவின் தலைவர் அவர். ஒடிசலான உருவம், வெள்ளைக் கைத்தறிச் சேலை, மழையானாலும் வெயிலானாலும் கையில் ஒரு குடை. தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். யார் எதைச் சொன்னாலும் கேட்டு முடித்துவிட்டு "பின்னே?" என்பார். அதற்கு மேல் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சொல்லச் சொல்ல மறுபடியும் "பின்னே?" சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாத இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் விடுவார். எங்கள் அறிக்கைகளில் 'தீங்கற்றது' என்ற சொல்லைக் கண்டால் அடித்துவிட்டு, 'இதுவரை தீங்கு காணப்படவில்லை' என்று மேலே எழுதுவார். "அறிஞ்ஞூடா" என்பார் அடிக்கடி. எனக்குத் தெரியாது என்று பொருள். அவ்வளவு படித்தவர் அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாகச் செலவழிப்பது எனக்கு ஆரம்பத்தில் வியப்பாக இருந்தது.

1953 சித்திரையில் மரச்சீனி மாவு வேலை தொடங்கியது. அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். மேற்குத் தாலுகாக்களில் மரச்சீனியே சாப்பாடாக இருந்தது. வயிறு நிறையும், சத்து இருக்காது. பிள்ளைகள் வயிறு மட்டும் பெருத்து, கால் சூம்பி நடந்தன. கிழங்கு மாவோடு வறுத்த நிலக்கடலை மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கஞ்சி மாவு செய்யலாம் என்று டாக்டர் கண்டிருந்தார். அதைக் கூடத்துக்கு வெளியே, சாக்குக் கணக்கில் செய்து காட்ட வேண்டும். குலசேகரத்தில் நெல் குத்தும் மில் வைத்திருந்த தங்கச்சாமி முதலாளி முன்வந்தார். நெற்றியில் நீளமாக வெண்ணாமம், தலையில் துண்டுக்கட்டு; கடவுளை 'அய்யா' என்று அழைக்கும் அய்யாவழிக்காரர். என்னை மில்லிலேயே தங்கும்படி அனுப்பிவைத்தார்கள்.

கிழங்கிலே ஒரு சங்கதி உண்டு. நன்றாக விளைகிற, எலியும் பன்றியும் தொடாத வகை கசப்பு வகை. அந்தக் கசப்பு நஞ்சு. வீடுகளில் அதை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தின்பார்கள். எங்கள் செய்முறையும் அதுதான்: தோலை உரி, மெல்லியதாகச் சீவு, பெரிய செம்பு உருளியில் கிழங்கு மூழ்கி மேலே நிற்கும்படி தண்ணீர் விட்டுக் கொதிக்கவை, தண்ணீரை வடித்துக் கொட்டு, பாயில் பரப்பிக் காயவை, அரை. ஒவ்வொரு தடவை அரைத்ததும் என் சோதனை. மாவில் கொஞ்சம் எடுத்து ஈரமாக்கிக் கண்ணாடிக் குழாயில் இடுவேன். மஞ்சள் மருந்தில் தோய்த்து உலர்த்திய சின்னத் தாள் ஒன்றைத் தக்கையில் செருகிக் குழாய்க்குள் தொங்கவிட்டு மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைப்பேன். நஞ்சு ஆவியாக எழுந்தால் தாள் செங்கல் நிறமாகும். பச்சைக் கிழங்கைப் போட்டால் கண்ணெதிரே சிவக்கும். எங்கள் மாவுக்கு ஒருநாளும் சிவந்ததில்லை.

வேகவைக்கும் கொட்டகைக்குத் தலைவி செல்லத்தாய். திற்பரப்பிலிருந்து நடந்து வருவாள். கணவன் இல்லை, வசந்தா என்று ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகும் வயதாகவில்லை. செல்லத்தாய் வாயைத் திறந்தால் கொட்டகை முழுக்கச் சிரிக்கும்.

"சாரே, உங்க ஊர்ல மரச்சீனின்னா பன்னிக்குத்தான் போடுவினுமாமே?"

"யார் சொன்னா?"

"உங்க மொகந்தான் சொல்லுது. பொங்கலுக்கு வச்ச பானையில நாங்க கிழங்கு போட்ட மாதிரியில்லா பாக்கிய."

மறு ஆண்டு தை மாதம், அதாவது 1954 தொடக்கத்தில், டாக்டர் மில்லுக்கு வந்தார். சுற்றுவட்டாரத்துப் பெண்களையும் கூட்டி முற்றத்தில் உட்காரவைத்து உணவைப் பற்றிப் பேசினார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அரிசிச் சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைக் கொட்டக்கூடாது என்பது அன்றைய பேச்சில் முக்கியம். "சத்தெல்லாம் வெள்ளத்திலே போகும். நீங்கள் சக்கையைத் தின்னுட்டு சத்தை ஓடையிலே விடுகிறீர்கள்" என்றார். ஒரு பானையைக் காட்டி, அளவாகத் தண்ணீர் வைத்து அது வற்றும்வரை வேகவைப்பது எப்படி என்றும் சொன்னார். பெண்கள் தலையை ஆட்டினார்கள். அரிசியைப் பற்றிய பேச்சு அது. அரிசியை ஆண்டுக்குச் சில நாள் மட்டும் காணும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை. தெற்கே இருக்கும் பெண்களெல்லாம் அங்கே கூடுவார்கள். முதல் விற்பனை அங்கேதான் என்று முதலாளி தீர்மானித்துவிட்டார். தகர டப்பாக்கள் வாங்க நான் தூத்துக்குடிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"சாரே, இந்தத் தடவை ஒரு சாக்குக் கிழங்குக்கு மாவு கூடுதலாக்கும். அய்யா பார்த்துத் தந்தது."

நான் வழக்கம்போல் சோதித்தேன். தாள் மஞ்சளாகவே இருந்தது. டப்பாக்களில் அடைத்து, ஈயம் வைத்து மூடி, வண்டியேற்றினோம். முதலாளியும் கூடவே போனார்.

மறுநாள் காலை செல்லத்தாய் வேலைக்கு வரவில்லை. கொட்டகையில் சிந்திய மாவைக் கூட்டி வீட்டுக்கு எடுத்துப்போக எல்லோருக்கும் உரிமை உண்டு. அவளும் எடுத்துப் போயிருந்தாள். உச்சி வேளையில் அவளுடைய அக்காள் ஓடிவந்தாள். வசந்தாவுக்கு முந்தின நாளிலிருந்து வாந்தியாம், தலை நிற்கவில்லையாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்களாம்.

"என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டேன்.

"வேற என்ன, நம்ம மாவுக் கஞ்சிதான். முதல் தடவை சர்த்திச்சதும் பிள்ளை தளந்து போச்சே, சத்து வேணுமேன்னு பின்னையும் காய்ச்சிக் குடுத்தா. இன்னைக்குக் காலைலயும் குடுத்தா."

மிச்சமிருந்த மாவை எடுத்து மறுபடியும் குழாயில் போட்டேன். இரண்டு குழாய், மூன்று குழாய். தாள் மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள். என் கையாலேயே நான் செய்து, நம்பி, கையெழுத்துப் போட்ட மஞ்சள். திருவனந்தபுரத்துக்குத் தந்தி அடித்துவிட்டு மண்டைக்காட்டுக்கு பஸ் பிடித்தேன்.

கொடையின் நடு நாள். கடைக்கு முன்னால் பெண்கள் கூட்டம். முதலாளி ஒரு டப்பாவை உயர்த்திப் பிடித்துக் கூவிக்கொண்டிருந்தார். தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தாள் என்ன சொல்லுது?" என்றார்.

"மஞ்சள்."

"பின்ன என்னத்துக்கு ஓய் இப்படிக் கிடந்து நடுங்குதீரு? உம்ம தாளுதானே நல்லதுன்னு சொல்லுது? பிள்ளை கெட்ட மீனைத் தின்னிருக்கும்."

"விற்பனையை நாளைக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம், முதலாளி."

"எந்த முகத்தை வச்சி நிறுத்த? ஒரு தடவை நிறுத்தினா அதுக்குப் பொறவு இதை நாய் வாங்குமா? நீரு செவந்த தாள் ஒண்ணைக் கொண்டாரும். நான் இந்தப் பந்தலையே பிரிச்சிடுதேன்."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. என் சோதனையே என் வாயை அடைத்தது. ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு நின்று டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் கூட்டத்தில் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஓடிப்போய் என்னவென்று சொல்வது?

இரவே குலசேகரம் திரும்பினேன். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் டாக்டர் அங்கே வந்து இறங்கினார். மில்லுக்குப் போகலாம் என்றேன். "குட்டி எவிடே?" என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

வசந்தா கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. மூச்சு அவசரமாக வந்து போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த வைத்தியர் வயிற்றுப்போக்கு வாந்திக்கான மருந்தைக் கொடுத்திருந்தார். செல்லத்தாய் தரையில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கஞ்சி எப்படிக் காய்ச்சினாய் என்று கேட்டார். சொன்னாள். "பின்னே?" என்றார். மாவு எங்கிருந்து எடுத்தாய், பின்னே, யார் அரைத்தது, பின்னே, யார் வேகவைத்தது.

"நான்தான்மா வேகவச்சேன். எல்லா உருளியும் எனக்க கையாலதான்."

"வெள்ளம் எத்தனை தடவை வடித்தாய்?"

செல்லத்தாய் தலை நிமிர்ந்தாள். அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்துபோனதைக் கண்டேன்.

"ஒரு சொட்டு களையல்லம்மா. நீங்கதானே சொன்னிய, தண்ணியிலயாக்கும் சத்துன்னு. அளவா வச்சி வத்தும் வரை வேகவச்சோம். அதுக்குப் பொறவு வடிக்கவே இல்லை. பிள்ளைகளுக்குள்ள மாவில்லா?"

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னே" என்று கேட்கவில்லை. குழந்தையின் பாதத்தில் இருந்த செல்லத்தாயின் கைமேல் தன் கையை ஒரு கணம் வைத்தார். பிறகு எழுந்து, என் பக்கம் திரும்பாமலே, "ஒரு பச்சைக் கிழங்கு வேணும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மரச்சீனி விளையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதன் உள்தோலைச் சுரண்டி, மருந்து இடிக்கும் கல்வத்தில் அரைத்துப் பிழிந்தார். நான் கொண்டுவந்திருந்த மாவைக் குழாயில் கரைத்து, தாளைத் தொங்கவிடும் முன் அந்தச் சாற்றில் சில துளிகளை விட்டார். இன்னொரு குழாயில் சாறு மட்டும், மாவு இல்லாமல். சாறே தாளை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, அதைக் காற்றாட வைத்து அதன் நஞ்சு போனபின்தான் எடுத்திருந்தார். இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினோம்.

அவர் மெல்லிய குரலில் சொன்னது எனக்கு இன்றும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. கிழங்கிலே நஞ்சு பூட்டிக் கிடக்கிறது. திறக்கும் சாவியும் அதே கிழங்கில் இருக்கிறது. வேகவைத்தால் சாவி செத்துப்போகிறது, பூட்டு அப்படியே இருக்கிறது. தண்ணீரோடு அதை நாம் வெளியே கொட்டினோம், அதனால் பிழைத்தோம். தண்ணீரைக் கொட்டாத மாவில் அத்தனையும் இருக்கும். சாவி இல்லாததால் ஆவி எழாது, தாள் சிவக்காது. குழந்தையின் வயிற்றில் வேறு சாவி உண்டு.

சாறு மட்டும் இருந்த குழாயில் தாள் மஞ்சளாக நின்றது. மற்றதில் முதலில் ஓரம் மங்கியது. பிறகு பழுத்த மாவிலை நிறம். அப்புறம் செங்கல். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வடித்துக் கொட்டிய காலத்திலும் எங்கள் தாள் எதையும் நிரூபிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் நான் ஒன்றும் சொல்லாத ஒரு தாளைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறேன்.

அந்தத் தாளை வைத்தியரிடம் காட்டியதும் அவர் மறுபேச்சில்லாமல் மருந்தை மாற்றினார். நாங்கள் மண்டைக்காட்டுக்கு வண்டி பிடித்தோம்.

முதலாளி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அய்யா, சிவனே" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எழுந்து கடையை மூடச் சொன்னார். ஆனால் போன டப்பாக்கள் போய்விட்டன. அவற்றைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிக் கோயில் மைக்கில் என்ன அறிவிப்பது?

"உண்மையைப் பறயுங்கள்" என்றார் டாக்டர்.

எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நஞ்சு என்று ஒரு சொல் மைக்கில் விழுந்தால் பிள்ளைகளோடு பெண்கள் மிதிபடுவார்கள். தமிழ்த் தாலுகாக்களைத் திருவனந்தபுரத்து ஆட்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி சூடேறியிருந்த ஆண்டு அது. திருவனந்தபுரத்து மாவைத் தின்று தமிழ்ப் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று எவனாவது ஒருவன் சொன்னால், டாக்டர் பத்திரமாக பஸ் ஏறுவாரா என்பதும் எனக்குச் சந்தேகம்.

முதலாளிதான் வழி சொன்னார். "உள்ளதைச் சொன்னா டப்பாவைத் தூக்கி எறிவான்மா. எறிஞ்சதை எடுத்துத் தின்ன நூறு பேரு இருக்கான் இந்த நாட்டுல. டப்பாவைத் திருப்பித் தந்தா ரெண்டு நாழி அரிசின்னு சொல்லுவோம். பறந்து வருவினும். வந்த ஆளுகிட்ட நீங்க உள்ளதைச் சொல்லுங்க."

அரிசி அவருடைய மில்லிலிருந்து வந்தது. மூட்டை மூட்டையாக வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் டாக்டரும் நானும் கேட்டோம்: திறந்தீர்களா, யார் சாப்பிட்டது, பிள்ளை எப்படி இருக்கிறது? திறந்த டப்பாவானால் மாவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று முதலில் பார்த்தேன்.

முட்டத்திலிருந்து வந்த கிழவி ஒருத்தி டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு தர மறுத்தாள்.

"நல்ல மாவைத் திருப்பி வாங்கிட்டு, அரிசியைத் தந்து ஏமாத்தப் பாக்கியளா? இதில என்னமோ பெரிய லாபம் இருக்கு. இல்லாட்டி தருவியளா?"

"அம்மா, இது பிள்ளைகளுக்கு ஆகாது. செய்ததில் பிசகு நடந்துவிட்டது."

"பிசகா? அப்படின்னா மூணு நாழி தா."

மூன்று நாழி கொடுத்தோம். டப்பா மூடி உடையாமல் இருந்தது. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் சிரித்தார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு நடுவிலேயே நிற்க, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

எல்லா டப்பாவும் வரவில்லை. அடுத்த வாரம் முழுக்கக் கடலோர ஊர்களில் வீடு வீடாகப் போனேன். கதவு திறக்கும்போது உள்ளே குழந்தையின் சத்தம் கேட்கிறதா என்றுதான் முதலில் காது போகும். சில பிள்ளைகளுக்கு வாந்தி கண்டிருந்தது, தேறியிருந்தன. கசக்கிறது என்று மாட்டுக்குக் கரைத்து வைத்ததாகச் சிலர் சொன்னார்கள். கிடைக்காத டப்பாக்கள் எங்கே போயின, யார் திறந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. மில்லில் பள்ளம் தோண்டி மாவைக் கொட்டி, யாரும் அள்ளிப் போகாதபடி சாணியைக் கரைத்து ஊற்றினோம். வேலி ஓரம் நின்றிருந்த ஒருவர், "கஞ்சிக்கு வழியில்லாத நாட்டுல மாவைக் குழியில போடுதாவளே, பாவிய" என்று கூசாமல் சொன்னார். முதலாளி, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் பிழைக்குமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார்.

"அறிஞ்ஞூடா" என்றார் டாக்டர். "அதுகொண்டுதான் குழியிலே போடுகிறோம்."

வசந்தா பிழைத்தாள். வெகு நாட்கள் நடை தள்ளாடியது.

டாக்டர் வேலையை விடவில்லை, மாவையும் விடவில்லை. சாறு விட்டுச் செய்யும் சோதனையைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்று விதி செய்தார். வேகவைத்த தண்ணீரை இரண்டு முறை வடித்துக் கொட்டுவதைத் தன் கண்ணால் பார்க்காமல் அரைக்கக் கூடாது என்பது எனக்கு விதி. பெண்களை மறுபடி முற்றத்தில் கூட்டி, அரிசிக்குச் சொன்னது கிழங்குக்குப் பொருந்தாது என்பதை விளக்கினார். "நான் அன்று சொல்லாமல் விட்டது இது" என்று தொடங்கினார். 1955-இல் மாவு மறுபடியும் வந்தபோது முதல் கஞ்சியை அவரும் நானும் முதலாளியும் குடித்தோம். குடித்த பிறகு அன்றைய பொழுது போவது எனக்குப் பெரும் பாடு. வயிற்றில் எந்தச் சின்ன அசைவு வந்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஆனால் விற்பனைக்கு அனுப்பும் தாளில் டாக்டர் கையெழுத்திடவில்லை. சோதனை சரியாக இருந்தது, நாங்கள் குடித்தோம், வேலைக்காரர்கள் குடித்தார்கள். முதலாளி பொறுமை இழந்து காரணம் கேட்டார். டாக்டர் வேகவைக்கும் கொட்டகைப் பக்கம் பார்த்தார். செல்லத்தாய் வேலைக்குத் திரும்பியிருந்தாள். உருளியை அவள்தான் வடித்தாள், தண்ணீர் ஓடி முடியும்வரை கண் எடுக்காமல். தன் பங்குக் கஞ்சியை எங்கள் முன்னாலேயே குடிப்பாள். பிள்ளைக்கு மட்டும் ஒரு பொட்டு எடுத்துப் போகமாட்டாள். யாரும் அவளிடம் எடுத்துப் போ என்று சொல்லவும் இல்லை; சொல்லக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. கொட்டகையில் பழைய சிரிப்பும் இல்லை.

1956 ஐப்பசி தொடக்கம். எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேரும் நாள் அறிவிக்கப்பட்டுவிட்டது. எல்லை மாறினால் டாக்டரின் பிரிவுக்கு இங்கே வேலை இல்லை. கடைசி முறையாக மில்லுக்கு வந்து கணக்கு ஒப்படைத்துக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. செல்லத்தாய் வசந்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. செல்லத்தாய் நேரே போய் அன்று அரைத்த மாவில் கொஞ்சம் எடுத்து, அடுப்பில் வைத்து, எங்கள் எதிரிலேயே காய்ச்சினாள். ஆறவைத்து, ஒரு வாய் தான் குடித்துவிட்டுப் பிள்ளையை மடியில் இருத்தினாள்.

"செல்லத்தாயி, நீ செய்யாண்டாம்" என்றார் டாக்டர். "நான் கேக்கல்லையே."

"நீங்க கேட்டா தரமாட்டேன்மா" என்றாள் அவள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தண்ணீர் இரண்டு முறை வடிந்ததை நானே பார்த்திருந்தேன். சாறு விட்ட குழாயில் தாள் மஞ்சளாகத்தான் நின்றது. இந்த முறை அந்த மஞ்சளுக்கு அர்த்தம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அத்தனையும் தெரிந்தும் அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட வேண்டும் என்று என் கை துடித்தது.

வசந்தா குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு இல்லம்மா" என்றாள்.

டாக்டர் விற்பனைத் தாளில் கையெழுத்திட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்று பகல் முழுக்க வசந்தா முற்றத்தில் காய்ந்த பாய்களுக்கு நடுவே நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை நாங்கள் இருவரும் வேறெங்கும் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.